செயலாளர் ஆண்டறிக்கை: மென்பவளப் பட்டியல் சரிபார்ப்பு

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நம் சங்கத்தின் வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருணிகளில் பறவை பார்க்கும் நடையும் பள்ளிப் பிள்ளைகளுக்கான நுண்ணோக்கி வகுப்பும் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிட்டால் அவருக்கு அலைச்சல் மிச்சம்.

ஆண்டின் பெரிய வேலை, பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் மென்பவளங்களின், அதாவது சதைப்பற்றான பவள உயிரிகளின், பட்டியலில் சந்தேகமான பெயர்களைச் சரிபார்த்தது. கடல் இல்லாத ஊரில் இது எதற்கு என்று போன கூட்டத்தில் கேட்டார்கள். தேவகோட்டை வழியாகப் போனால் தொண்டிக் கடல் நமக்குப் பக்கம்தான். அதோடு, இந்த வேலையில் பெரும்பகுதி பழைய அறிக்கைகளிலும் நுண்ணோக்கி மேஜையிலும்தான் நடக்கிறது.

முதல் சிக்கல் இடம். பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஹெர்ட்மன் 1902இல் இலங்கை அரசுக்காக முத்துப்பார்களை, அதாவது கடலடியில் முத்துச்சிப்பி விளையும் திட்டுகளை, ஆராய்ந்தார். அந்த அறிக்கைகளை லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை வெளியிட்டது. தலைப்பிலேயே 'மன்னார் வளைகுடா' இருக்கிறது. ஆனால் மாதிரிகள் இலங்கைப் பக்கத்தவை. தலைப்பை மட்டும் பார்த்தால் அவற்றைத் தமிழ்நாட்டுக் கரைக்கு வரவு வைத்துவிடலாம். எங்கள் கைக்கு வந்த பட்டியல் வரைவில் அப்படி வந்த பெயர்களைத் தனியே எடுத்து வைத்தோம். மீன் இறங்குதளத்தில் வலையிலிருந்து பொறுக்கிய மாதிரிகளும் இதே கதைதான். படகு எங்கே வலை போட்டது என்று தெரியாமல், இறங்குதளத்தின் பெயரை வாழிடம் என்று எழுத முடியாது.

அடுத்தது அடையாளம். இங்கேதான் அதிக நேரம் போனது. மென்பவளத்துக்குக் கல்பவளம் போலக் கெட்டியான எலும்புக்கூடு கிடையாது. சதைக்குள் ஸ்கிளிரைட் என்ற சுண்ணாம்பு நுண்முட்கள் சிதறிக் கிடக்கும். சிறு துண்டை ப்ளீச்சிங் திரவத்தில் போட்டால் சதை கரைந்து முட்கள் அடியில் தங்கும். மேற்பரப்பில் ஒரு துண்டு, அடித்தண்டின் உள்ளிருந்து ஒன்று என்று தனித்தனியே எடுக்க வேண்டும், இடத்துக்கு இடம் முள்ளின் வடிவம் மாறுவதால். இங்கே குழப்பம் தருபவை மூன்று மென்பவளப் பேரினங்கள். சைனுலேரியாவின் அடித்தண்டில் இரு முனையும் கூம்பிய பெரிய முட்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். லோபோஃபைட்டத்தில் மருக்கள் வளையம் வளையமாகச் சூழ்ந்த உருளைகள். மடல் எழாத இளம் லோபோஃபைட்டத்தையும் காளான் போல நிற்கும் சார்கோஃபைட்டனையும் புகைப்படத்தில் குழப்பிக்கொள்வது சகஜம். ஆகவே படம் மட்டும் இருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டோம். இதில் சிலருக்கு வருத்தம் உண்டு. சீட்டு இல்லாமல் பேரேட்டில் வரவு வைத்தால் ஐந்தொகை உதைக்கும் என்பது நம் பக்கத்துக் கடைகளில் கணக்குப் பழகும் பெட்டியடிப் பையனுக்கே தெரியும், நமக்குத் தெரியாதா?

ஃபார்மலினில் நெடுநாள் கிடந்த மாதிரிகள் தலைவலி. அது அமிலமாகி முட்களையே தின்றுவிடுகிறது. 70 சதவீத ஆல்கஹாலில் இருந்தவை நிறம் வெளுத்திருந்தாலும் பயன்பட்டன.

டிஎன்ஏ பார்த்தால் தீர்ந்துவிடாதா என்று இளைஞர்கள் கேட்டார்கள். இவற்றின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மட்எஸ் மரபணு உதவும்தான். ஆனால் சைனுலேரியாவின் நெருங்கிய இனங்களைப் பிரிக்க அது மட்டும் போதாது. சார்கோஃபைட்டன் கிளாக்கம் என்ற ஒரே இனப்பெயருக்குள் பல மரபுவழிகள் இருப்பதும் டிஎன்ஏ ஆய்வில்தான் தெரிந்தது. எனவே பழைய பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால், எந்தக் கிளாக்கம் என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு 2022இல் மென்பவளங்களின் குடும்ப வகைப்பாடும் மாறிவிட்டது. அது எழுத்து வேலைதான், முடித்தாயிற்று.

துண்டு வெட்டி வரலாமா என்று ஆர்வத்தில் சிலர் கேட்டீர்கள். வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. சேகரிப்புகளில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்தாலே நமக்கு வேலை போதும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள். ஒன்று, சந்தேகப் பெயர்களை அழிக்காமல், காரணம் எழுதித் தனித்தாளில் வைப்பது. நாளை ஒரு மாதிரி கிடைத்தால் பெயர் திரும்ப வரலாம். இரண்டு, நல்ல நுண்ணோக்கி ஒன்று வாங்குவது. பொருளாளர் முகம் மாறுவது இங்கிருந்தே தெரிகிறது, ஆனாலும் தீர்மானத்தில் சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்