சிவகங்கை மலையில் அம்மாவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். கார்த்திகை மாதத்து இரண்டாவது ஞாயிறு சிவகங்கை மலைப்படியில் என் அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கிய உங்களில் ஒருவர் பெயரைக்கூட அன்றைய பதற்றத்தில் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் ஊரறிய இந்த மடல். யார் கண்ணிலாவது பட்டு உங்களிடம் வந்து சேரட்டும்.

நான் சொல்வது தமிழ்நாட்டுச் சிவகங்கைச் சீமை அல்ல. பெங்களூரிலிருந்து தும்கூர் சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே, தாபஸ்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மலை. தட்சிண காசி என்பார்கள். கிழக்கே நின்று பார்த்தால் நந்தி, மேற்கே பிள்ளையார், தெற்கே லிங்கம், வடக்கே படமெடுத்த நாகம் என்று திசைக்கொரு வடிவம் சொல்வார்கள்.

என் அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு சங்கராந்திக்கும் மில் தோழர்களோடு இந்த மலைக்குப் போய்விடுவார். அன்று விடியற்காலை உச்சிப் பாறையில் கங்கை சுரக்கிறாள் என்பது நம்பிக்கை. அந்தத் தீர்த்தத்தைக் கொண்டுவந்துதான் கங்காதரேஸ்வரருக்கும் ஹொன்னாதேவிக்கும் கல்யாணம் நடத்துவார்கள். அப்பா ஒரு சின்ன பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து எங்கள் தலையில் தெளிப்பார். "அடுத்த வருஷம் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று அம்மாவிடம் சொல்வார். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. அம்மாவுக்கு இப்போது 72 வயது. "ஒளகல் தீர்த்தத்துல ஒரு தடவை கைய விட்டுட்டா போதும்டா" என்று பிடிவாதமாக நின்றாள். மலையேறும் வழியில் பாறைத் துவாரத்துக்குள் இருக்கும் தீர்த்தம் அது.

கீழே குகைக்குள் கங்காதரேஸ்வரர் சன்னதி. அர்ச்சகர் ஐயா, உங்களுக்கு என் முதல் நன்றி. கூட்டம் நெருக்கியும் அம்மாவை ஓரமாக உட்காரவைத்து, நெய்யை லிங்கத்தின் மேல் உள்ளங்கையால் தேய்த்துக் காட்டினீர்கள். பளபளவென்று வழிந்த நெய் தேய்க்கத் தேய்க்க வெளுத்து, வெண்ணெயாய்த் திரண்டு வந்தது. அதில் ஒரு துளியை அம்மா கையில் வைத்தீர்கள். அவள் அதை முட்டியில் தடவிக்கொண்டு படியேறினாள். அறிவியல் காரணம் கேட்பவர்கள் கேட்கட்டும், அம்மாவின் முகத்தைப் பார்த்த எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை. இந்தக் கோயிலில்தான் பெங்களூரைக் கட்டிய கெம்பேகவுடருக்கு 1609இல் உலோகச் சிலை வைத்தார்கள். பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவளாயிற்றே, அவர் பெயரைச் சொன்னதும் அம்மா கைகூப்பிவிட்டாள்.

பாதி வழியில்தான் சோதனை. குரங்கு ஒன்று துணிப்பையைப் பிடுங்கிக்கொண்டு பாறைமேல் தாவிவிட்டது. பிரஷர் மாத்திரை, கண்ணாடி எல்லாம் அதில். பதறித் திரும்பிய அம்மாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கடலைப் பொட்டலத்தைக் காட்டிப் பையை மீட்ட கல்லூரித் தம்பிகளே, உங்களில் ஒருவர் தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து அம்மாவின் காலில் இறுக்கிக் கட்டினீர்கள். "நிதானவாகி ஹத்தி அஜ்ஜி" (மெதுவா ஏறுங்க பாட்டி) என்று கன்னடத்தில் படிக்குப் படி சொல்லிக்கொண்டே இருபுறமும் தோள்கொடுத்தீர்கள். பெற்ற பேரன்கள் செய்வார்களா என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மோர் விற்ற அக்கா, நீங்கள் கடையைப் பக்கத்துப் பையனிடம் விட்டுவிட்டுத் தீர்த்தம்வரை கூடவே வந்தீர்கள். காசும் வாங்கவில்லை. பாறை இடுக்கில் உரல்குழிபோல இருக்கும் அந்தச் சின்னத் துவாரத்தில் கையை விட்டால், புண்ணியம் இருந்தால்தான் தண்ணீர் தட்டும் என்பார்கள். அம்மா குனிந்து முழங்கைவரை விட்டாள். ஒன்றுமில்லை. முகம் வாடிப்போயிற்று. நீங்கள் அவள் தோளைப் பிடித்து இன்னும் கொஞ்சம் சாய்த்து, "இன்னூ ஸ்வல்ப, அம்மா" (இன்னும் கொஞ்சம், அம்மா) என்றீர்கள். அம்மா கையை வெளியே எடுத்தபோது நாலு விரலும் நனைந்திருந்தன. அதை அவள் தன் தலையில் தெளித்துக்கொள்ளவில்லை, என் தலையில் தெளித்தாள். அப்பா செய்வதுபோல.

அதற்கு மேல் அம்மாவால் ஏற முடியாது. தம்பிகளில் இருவர் உச்சிவரை போய், பாறையில் செதுக்கிய நந்தியையும், ஹொய்சள அரசி சாந்தலை குதித்ததாகச் சொல்லும் இடத்தையும் போனில் படம்பிடித்துக்கொண்டு வந்து காட்டினார்கள். 1131இல் அவள் இந்த மலையில்தான் இறந்தாள் என்று கல்வெட்டு சொல்கிறது. குதித்தாள் என்பது மலைமக்கள் சொல்லும் கதை. அந்தப் படத்தை அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டிய பிறகும் மீட்டருக்கு மேல் ஒரு ரூபாய் கேட்காமல் மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்ட ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி.

தம்பி, உங்கள் துண்டு இங்கே இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வரும் சங்கராந்திக்கு மலைக்கு வந்து மோர்க்கடை அக்காவிடம் கொடுத்து வைக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

என்றும் நன்றியுடன்,
அல்சூரிலிருந்து ஒரு மகன்