கொம்பைப் பார்த்துச் சொன்ன பெரியவருக்கும், கூட நின்ற அத்தனை பேருக்கும்

மதுரையில் ஜாவா நிரல்மொழியில் வேலை செய்யும் நண்பர்களுக்கும், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

கமிஷன் கடைகளுக்கு நாங்கள் செய்துகொடுத்த புதிய மென்பொருள் கணக்குச் சீட்டில் தமிழ் ஊர்ப்பேர்களைக் குளறுபடியாக அச்சடித்ததே, பொங்கலுக்கு முந்தின வாரம் அதனால் நாங்கள் பட்ட பாட்டை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. உங்களில் பாதிப்பேர் எங்களோடு முழித்திருந்தவர்கள், மீதிப்பேர் எங்களைத் திட்டியவர்கள். திட்டியதும் நியாயம்தான். மல்லி விலை உச்சத்தில் நிற்கும்போது, தன் ஊர்ப்பேரையே படிக்க முடியாத கணக்குச் சீட்டை ஒரு விவசாயி கையில் கொடுத்தால் சும்மாவா இருப்பார்? இப்போது சீட்டு சரியாக அச்சாகிறது. அந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி ஜாவா தெரிந்த யாருக்கும் இல்லை. அண்ணா நகரில் எங்கள் ஆபீஸுக்குக் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் அட்டையை நகலெடுக்க வந்த ஒரு பெரியவருக்கு. பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவர்.

எங்கள் பிரிண்டர் அன்று மக்கர் செய்ததால் சோதனைச் சீட்டுகளைக் கீழேதான் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு எழுத்துரு போட்டுப் பார்ப்பது, சரியில்லை என்றால் இன்னொன்று. கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த தாள் ஒன்றை அவர் கையில் எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“எழுத்தை மாத்தி என்ன தம்பி செய்யப் போறீங்க? எழுத்து நல்லாத்தான் இருக்கு. கோத்தவன் கொம்பைப் பின்னாடி போட்டுட்டான்.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் பொறி தட்டியது.

ஈய எழுத்தில் ‘மேலூர்’ கோக்க வேண்டுமென்றால் கை முதலில் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில் இருந்து எடுப்பது இரட்டைக்கொம்பை, அப்புறம்தான் ‘ம’. ‘கொ’ என்றால் கொம்பு, க, கால் என்ற வரிசை. எங்கள் பழைய மென்பொருளும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஓடியது. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமித்திருந்தோம். புதிய மென்பொருளில் நாங்கள் வைத்த யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை அப்படி இல்லை. அதில் ‘க’ முன்னால், ‘ஒ’கரக் குறி பின்னால். கொம்பை முன்னே தள்ளி, காலைப் பின்னே வைக்கும் வேலையை அச்சாகும் நேரத்தில் வேறொருவர் செய்ய வேண்டும். எங்கள் புதிய சீட்டில் அந்த வேறொருவர் வேலைக்கே வரவில்லை.

பெரியவர் அதோடு போயிருக்கலாம். போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் ஊர்ப்பேர்களை எழுத ஆரம்பித்தார். மேலூர், பேரையூர், சோழவந்தான், செக்கானூரணி, கொட்டாம்பட்டி, தே.கல்லுப்பட்டி, நிலக்கோட்டை. “இதெல்லாம் நேரா வந்தா மத்தது தானா வரும். நம்ம பக்கம் கொம்பு இல்லாத ஊரு கம்மி.” இடையில் 1978 எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது பழைய ‘லை’, ‘ணை’ எழுத்துகளை எல்லாம் ஒதுக்கிவைத்த கதையையும் சொன்னார். அவசரத்தில் நின்றபடியே கேட்டேன். ஒருநாள் உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும்.

அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தேடியதும் வழி தெரிந்தது. பிடிஎஃப் உருவாக்க நாங்கள் வைத்திருப்பது ஓப்பன்பிடிஎஃப். ஐடெக்ஸ்ட் என்ற பிடிஎஃப் மென்பொருளின் பழைய பதிப்பிலிருந்து பிரிந்து, தன்னார்வலர்கள் வளர்த்துவரும் நூலகம், அதாவது எடுத்துப் பயன்படுத்துகிற நிரல் தொகுப்பு. எழுத்துகளை இடம் மாற்றி அடுக்க அதில் லேஅவுட் பிராசசர் என்று ஒரு நிரல் பகுதி உண்டு. ஆனால் நாமாகச் சொன்னால்தான் அது வேலை செய்யும். சொன்னால், ஜாவாவுக்குள்ளேயே இருக்கும் ஹார்ஃபபஸ் என்ற எழுத்தடுக்கும் நிரலிடம் அந்த வேலையை ஒப்படைக்கும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டில் எல்லாம் நமக்குத் தமிழ் அடுக்கித் தருகிற அதே ஹார்ஃபபஸ்தான். 2017-இல் ஜாவா 9 வந்தபோது ஜாவாவின் திறந்த மூலநிரல் பதிப்பான ஓப்பன்ஜேடிகேவுக்குள் வந்தது. ஒரு வரி சேர்த்தோம். ‘சோழவந்தான்’ நேராக நின்றது.

மறுநாள் பெரியவர் சொந்தச் சிவப்புப் பேனாவோடு வந்து மொத்த விவசாயிகள் பட்டியலையும் புரூஃப் பார்த்தார். நிரல் சரி, தரவில் இருந்த பிழைகள் அவர் கண்ணுக்குத்தான் தெரிந்தன. காலுக்குப் பதில் ‘ர’ அடித்திருந்த பேர்களை எல்லாம் சுழித்து வைத்தார். திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், அச்சுக்கோத்த கண் ஏமாறவில்லை. காசு வாங்க மறுத்துவிட்டார். டீ மட்டும் குடித்தார், அதிலும் சர்க்கரை கம்மி என்று குறை சொன்னார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டி ஓட்டும் கன்டெய்னரில், எழுத்துருவைத் தேடித் தரும் ஃபான்ட்கான்ஃபிக் இல்லாமல்தான் ஜாவா எழுத்துரு தேடி விழுகிறது என்று போனிலேயே கண்டுபிடித்த கோயம்புத்தூர் நண்பர். ஜாவா நிரல்களை ஓட்டும் டாம்கேட் சர்வரின் 10-ஆம் பதிப்புக்குப் போனதும் நிரலில் ஜாவாக்ஸ் என்ற பேரில் இருந்ததெல்லாம் ஜகார்த்தா ஆக வேண்டியிருந்தபோது, கையால் மாற்றாதீர்கள் என்று தடுத்து, நிரலைத் தானே திருத்தும் ஓப்பன்ரீரைட் கருவியை ஓடவிட்டுக் கொடுத்த திருப்பரங்குன்றத்து அக்கா. ஓப்பன்பிடிஎஃப் மூலநிரலைத் திறந்து எந்த இடத்தில் வரிசை மாறுகிறது என்று எங்களுக்குக் காட்டிய கல்லூரித் தம்பிகள் இருவர். ஜாவா 8-இலிருந்து 21-க்கு நாங்கள் தாண்டியபோது காசு கேட்காமல் கைகொடுத்த டெமுரின் என்ற இலவச ஜாவா, அதைத் தயாரிக்கும் அடாப்டியம் குழு. சீட்டில் இப்போது நிற்கிற நோட்டோ தமிழ் எழுத்துருவைச் செய்தவர்கள். எல்லோருக்கும் நன்றி.

அந்தத் தம்பிகள் நிரலைத் திறந்து படிக்க முடிந்ததே, அதைப் பற்றித்தான் இரண்டு நாளாக யோசனை. 2006 நவம்பரில் ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம், யாரும் படிக்கவும் மாற்றவும் விடுகிற ஜிபிஎல் உரிமத்தில் அதைத் திறந்துவிடுவதாக அறிவித்தபோது, “இதனால நமக்கு என்ன?” என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். என் கணக்கில் ஓப்பன் சோர்ஸ் என்றால் லைசென்ஸ் காசு மிச்சம், அவ்வளவுதான். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்து உலகமே பதறியபோதுகூட, அதை ராத்திரி பகலாக அடைத்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள் என்று படித்துவிட்டுப் பதிப்பு எண்ணை மாற்றியதோடு என் வேலை முடிந்தது. இத்தனை வருஷமாக எடுத்துக்கொண்டதற்கு நான் ஒரு வரிகூடத் திருப்பித் தந்ததில்லை.

ஆகவே ஒரு வாக்குறுதி. பெரியவர் எழுதிக் கொடுத்த ஊர்ப்பேர்களையே சோதனைத் தொகுப்பாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு பேரையும் அடுக்கச் சொல்லி, கொம்பு முதலில் வருகிறதா, கால் கடைசியில் நிற்கிறதா என்று பார்க்கும் சின்னச் சின்னச் சோதனைகள், ஜாவா நிரலைத் தானாகச் சோதிக்கும் ஜேயூனிட்டில். முடிந்ததும் ஓப்பன்பிடிஎஃப்காரர்களுக்கு அனுப்புவோம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம், திருத்தச் சொன்னால் திருத்துவோம். கூடவே தமிழில் சீட்டு அச்சடிக்கிற எவரும் பார்த்துச் செய்கிற மாதிரி ஒரு குறிப்பும் எழுதுகிறோம்.

பட்டியலில் தேனி, திண்டுக்கல் பக்கத்து ஊர்கள் இன்னும் குறைவு. கொம்போ சங்கிலிக்கொம்போ உள்ள உங்கள் ஊர்ப்பேர் விட்டுப்போயிருந்தால் கடையில் சொல்லி அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறோம்.