வடசென்னை நாடாளுமன்ற உறுப்பினருக்குத் திறந்த மடல்: பர்மாவைப் பற்றி அவையில் கேளுங்கள்

மதிப்புக்குரிய நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் உங்களுக்கு ஓட்டுப் போடுகிற குடும்பங்களில் ஏராளமானவை பர்மாவிலிருந்து, அதாவது இன்றைய மியான்மரிலிருந்து, வந்தவை. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளை அரசுடைமையாக்கினார். 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார். கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் நாங்கள். காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று எங்கள் ஆயா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ராணுவம்தான் 2021 பிப்ரவரி 1 அன்று மறுபடியும் ஆட்சியைப் பறித்தது. அன்று நகையைத் தேடியவர்கள் இன்று செல்போனைத் தேடுகிறார்கள்.

ஆயாவின் தங்கை குடும்பம் ரங்கூனிலேயே தங்கிவிட்டது. அங்கிருக்கும் என் சித்தி, வெளியே கிளம்பும்போதெல்லாம் போனிலிருந்து பேஸ்புக்கையும், முடக்கிய தளங்களைத் திறக்க உதவும் விபிஎன் செயலியையும் அழித்துவிட்டுத்தான் கிளம்புவார். வழியில் நிறுத்தும் சிப்பாய்கள் போனை வாங்கி, படம் படமாகத் தள்ளிப் பார்ப்பார்களாம். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். சித்தியின் மகன், என் தம்பி, எங்கே இருக்கிறான் என்று அதற்குப் பிறகு நான் கேட்டால், "இங்கே நல்ல மழைம்மா" என்பார். அப்புறம் அரிசி விலை சொல்வார். சொந்த அக்கா மகளிடம் அவரால் பேச முடிவது அவ்வளவுதான்.

சித்தியின் பயம் வீண் பயம் இல்லை. ஆட்சியைப் பிடித்த அதே வாரத்தில் பேஸ்புக்கை முடக்கினார்கள். மார்ச்சில் செல்போன் இணையத்தையே நிறுத்தினார்கள். தண்டனைச் சட்டத்தில் 505ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள்; அச்சம் உண்டாக்கும் கருத்து, பொய்ச் செய்தி என்று அவர்கள் முடிவு செய்தால் 3 ஆண்டு வரை சிறை. நார்வேயின் டெலினார் செல்போன் சேவை நிறுவனம் 2022-ல் தன் பர்மா தொழிலை விற்றுவிட்டு வெளியேறியபோது, சுமார் 1.8 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களும் கைமாறின. யார் யாரிடம் பேசினார்கள் என்ற கணக்கு ராணுவத்துக்கு நெருக்கமானவர்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் போனது. அனுமதியில்லாமல் விபிஎன் சேவை நடத்தினால் சிறை என்று 2025-ல் சட்டம் வந்தது. ராணுவம் அறிவித்த தேர்தலை விமர்சித்துப் பேஸ்புக்கில் எழுதியதற்கே ஆட்களைக் கைது செய்தார்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் பர்மாவின் சகாயிங் பகுதி இடிந்து கிடந்தபோதும், தொடர்பு துண்டிக்கப்பட்ட ஊர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்கவே வழியில்லை.

இது வேறு நாட்டு விவகாரம் என்று உங்களிடம் சொல்வார்கள். அறுபதுகளில் இங்கே பிழைப்பு கிடைக்காமல், நடந்தாவது பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று போன நம்மவர்கள் எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேவில் தங்கினார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் இருக்கின்றன. அந்த மோரேவிலிருந்து எல்லை தாண்டித் தமு ஊருக்குப் போன 2 தமிழ் இளைஞர்கள் 2022 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நமக்குச் சம்பந்தமில்லை என்று எப்படிச் சொல்வது?

சம்பந்தம் இன்னொரு வழியிலும் இருக்கிறது. அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்வது. ஐ.நா. மனித உரிமைச் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆட்சிப் பறிப்புக்குப் பிறகு இந்திய நிறுவனங்களிலிருந்து சுமார் 5.1 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் தொடர்புடைய பொருள்களும் அந்த ராணுவத்துக்குப் போயிருப்பதாக அதில் சொல்கிறார். அரசு நிறுவனங்களும் அதில் அடக்கம். வடகிழக்கு எல்லைப் பாதுகாப்புக்கு அந்த ராணுவத்தின் தயவு தேவை என்று டெல்லி நினைக்கலாம். எங்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனம் என்ன விற்றது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு உரிமை உண்டு.

எழுத்துப்பூர்வமான பதில் வேண்டி அவையில் கேளுங்கள். 2021 பிப்ரவரிக்குப் பிறகு நம் அரசு நிறுவனங்கள் மியான்மர் ராணுவத்துக்கு விற்றவை என்னென்ன? கண்காணிப்புக் கருவியோ தொலைத்தொடர்புக் கருவியோ அதில் உண்டா? அப்படி இருந்தால் என்றைக்கு நிறுத்துவீர்கள்? உயிருக்குப் பயந்து மிசோரத்துக்கும் மணிப்பூருக்கும் ஓடி வந்தவர்களை அந்த ராணுவத்திடமே திருப்பி அனுப்ப மாட்டோம் என்று அரசு உறுதி தருமா?

வருகிற பதில் எதுவானாலும் தமிழில் அச்சடித்து வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் வீடு வீடாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து
பர்மா குடும்பத்துப் பேத்தி ஒருத்தி