டிசம்பர் பாட்டுக் கச்சேரிகளை மாலை 4 மணிக்குத் தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் உதகை, குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் ஆலயங்களும் பள்ளிகளும் எஸ்டேட் கிளப்புகளும் பாடகர் குழுக்களை அழைக்கத் தொடங்கிவிடும். கோவையிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் குழுக்கள் மேலே ஏறி வருகின்றன. மலையில் இருக்கும் குழுக்கள் கீழே இறங்குகின்றன. அழைப்பிதழில் பெரும்பாலும் மாலை 6.30 மணி என்றே அச்சாகிறது. மலைமேல் நடக்கும் நிகழ்ச்சிகளுக்காவது அதை 4 மணியாக மாற்றுங்கள், பாடும் இடத்தைப் பகல் ஒன்றரை மணிக்கே குழுவிடம் ஒப்படையுங்கள் என்று தங்கள் நாளிதழ் வழியாக அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வசதிக்காகக் கேட்பது அல்ல. பாட்டு கெடுவதற்கான காரணங்களில் பாதி அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

நீலகிரியில் டிசம்பரில் 6 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். பகல் வெயில் வாங்கிய கட்டடம் 4 மணிக்கு ஓரளவு கதகதப்பாக இருக்கும். 7 மணிக்கு அதே இடத்தில் பாடுகிறவர் வாயிலிருந்து ஆவி புகைபோல வரும். 1829இல் அடிக்கல் நாட்டி, 1831 ஈஸ்டர் அன்று மக்களுக்குத் திறந்த உதகை புனித ஸ்டீபன் ஆலயத்தைப் போன்ற பழைய, உயரமான கட்டடங்களில் சூடு தங்காது. குரல் இறுகுவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தொல்லை சுருதி.

குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறையும். 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 343 மீட்டர் போகும் ஒலி, 10 டிகிரியில் 337 மீட்டர்தான் போகும். புல்லாங்குழலின் நீளம் மாறுவதில்லை. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3 சென்ட் என்று கணக்கு. அரைச்சுரத்துக்கு 100 சென்ட் என்பதால், 10 டிகிரி குறைந்தால் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கிதார் இதற்கு நேர் எதிர். குளிரில் கம்பி சுருங்கி இறுகும், சுருதி ஏறும். கீபோர்டு எதற்கும் அசையாது. கோவையில் ப்ராக்டிஸ் அறையில் ஒத்துப் போன மூன்று கருவிகள் உதகையில் மூன்று பக்கம் இழுப்பது இதனால்தான். மிருதங்கம், தபலா இருந்தால் இன்னொரு கணக்கு: மேகமூட்டம் உள்ளே வரும் மாலையில் தோல் ஈரம் வாங்கித் தளர்ந்துவிடும்.

பலர் கவனிக்காதது, கச்சேரி நடக்கும்போதே இந்தக் கணக்கு திரும்பி ஓடும் என்பதை. இருநூறு பேர் உட்கார்ந்து கதவைச் சாத்தினால் அரங்கு மெல்லச் சூடேறும். குழல் ஏறும், கிதார் இறங்கும். முதல் பாட்டுக்கு முன் சேர்த்த சுருதி நான்காவது பாட்டில் நிற்காது. கருவிகளைக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாக உறையிலிருந்து வெளியே எடுத்து, பாடும் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். வேனில் விட்டுவிட்டுக் கடைசி நிமிடத்தில் தூக்கிவரக் கூடாது. குழல்காரர் துளைகளை மூடிக்கொண்டு, சத்தம் எழுப்பாமல் ஐந்து நிமிடம் சூடான மூச்சை உள்ளே விட வேண்டும். நான்காவது பாட்டுக்கு முன்னும், இடைவேளை முடிந்ததும், மறுபடி ஒருமுறை சுருதி பார்க்க வேண்டும்.

பைப் ஆர்கன் உள்ள ஆலயமாக இருந்தால் ஆர்கனை யாரும் அசைக்க முடியாது. மற்ற எல்லாம் அதற்குத்தான் வர வேண்டும். 440 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 440 அதிர்வு) சேர்த்து வைத்த ஆர்கன், 10 டிகிரி குளிர்ந்தால் 432 அருகே நிற்கும். கீபோர்டில் உள்ள ட்யூனிங் பகுதியில் அந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஆர்கனிலேயே, உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் ரீட் வகைக் குழாய்கள் மற்ற குழாய்களோடு சேர்ந்து இறங்குவதில்லை. குளிர்ந்த மாலையில் அந்தக் குழாய்களை ஒலிக்கவைக்கும் ஸ்டாப்புகளை (இழுபிடிகளை) தொடாமல் விடுவது நல்லது.

கருவியே இல்லாமல் நான்கு குரலில் (பெண்களில் மேல் குரல் சொப்ரானோ, கீழ்க் குரல் ஆல்டோ; ஆண்களில் மேல் குரல் டெனர், கீழ்க் குரல் பேஸ்) பாடும்போது சிக்கல் வேறு மாதிரி. நான்கு சரணம் முடிவதற்குள் குழு கால் சுரமோ அரைச்சுரமோ இறங்கியிருக்கும். மேல்நிலை ‘க’, ‘நி’ ஆகிய அந்தர காந்தாரமும் காகலி நிஷாதமும்தான் முதலில் தொய்யும். ஒரே சுரத்தில் வரிசையாகப் பல எழுத்துகளைப் பாடும் ஆல்டோ, ஒவ்வொரு எழுத்துக்கும் இம்மியளவு இறங்கும். இன்னொன்றும் உண்டு. கீபோர்டின் காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து (‘ச’விலிருந்து) 400 சென்டில் இருக்கிறது. காதுக்கு இனிமையாக ஒட்டும் காந்தாரம் 386இல் இருக்கிறது. நன்றாகக் கேட்டுப் பாடும் குழு தானாகவே அந்த 14 சென்ட் கீழே போய் நிற்கும். அது தவறு அல்ல, நல்ல காதின் அடையாளம். ஆனால் மூன்று சரணம் கருவியில்லாமல் பாடிவிட்டு, கடைசிச் சரணத்துக்குக் கீபோர்டைச் சேர்க்கும் வழக்கம் இருக்கிறதே, அங்கேதான் மொத்தமும் நொறுங்குகிறது. ஒரு பாட்டைக் கருவியில்லாமல் தொடங்கினால் அப்படியே முடியுங்கள். இறங்கும் என்று தெரிந்த பாட்டுக்கு அரைச்சுரம் மேலே சுருதி கொடுங்கள். சொப்ரானோவின் மேல் சுரம் அதற்கு இடம் தருகிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மணிக்கே இடம் வேண்டும் என்று கேட்பது முழக்கத்தைப் பார்ப்பதற்காக. காலி ஆலயத்தில் கைதட்டினால் ஒலி அடங்க இரண்டு, மூன்று நொடிகூட ஆகலாம். மாலையில் ஸ்வெட்டரும் சால்வையும் போர்த்திய கூட்டம் வந்து உட்கார்ந்தால் கம்பளி அந்த முழக்கத்தைக் குடித்துவிடும், முக்கியமாக மேல் சுரங்களை. சமவெளிக் கூட்டத்தைவிட மலைக் கூட்டம் அதிகம் குடிக்கும். காலி அரங்கில் சரியாகத் தோன்றிய காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) கச்சேரியில் இழுவையாகிவிடும். நடத்துநர் கொஞ்சம் விறுவிறுப்பாகவே எடுக்க வேண்டும். சொல் முடிவுகளையும் அந்த ஒத்திகையில்தான் சரிசெய்ய முடியும். ‘ம்’, ‘ன்’, ‘ள்’ என்று முடியும் சொற்களை 32 பேர் 32 இடத்தில் மூடினால் கல் சுவர் அத்தனையையும் திருப்பிச் சொல்லும். தாளத்தின் எந்தத் தட்டில் மூடுவது என்று தாளில் பென்சிலால் குறித்துக்கொள்வதே வழி.

தமிழ்ச் சொற்களைப் பிற நாட்டு மெட்டுகளில் உட்கார வைக்கும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள், நேரத்தோடு தொடர்பில்லாவிட்டாலும். நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் சொல்லே மாறிவிடும். ‘மலை’ ‘மாலை’ ஆகும், ‘பல்’ ‘பால்’ ஆகும். நெடில் உள்ள சொல்லைத் தேடி அங்கே வையுங்கள், அல்லது குறிலை அளவோடு பாடிவிட்டு அடுத்த எழுத்தில் நீட்டுங்கள். ‘மலை’ என்றால் ‘லை’யில் நிற்கலாம், ‘ம’வில் நிற்கக் கூடாது. நீலகிரியின் படுகர் மக்களின் பாட்டை எடுக்கும் குழுக்கள், அந்த மொழியை வீட்டில் பேசும் ஒருவரை முதல் ஒத்திகையிலேயே கூட உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தால் உச்சரிப்பு நிச்சயம் பிசகும்.

அமைப்பாளர்களிடம் மரியாதையோடு இன்னொன்றும் கேட்கிறோம். வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை ஆகியவற்றைப் பாட்டு தொடங்கும் முன் முடித்துவிடுங்கள், அல்லது கடைசியில் வையுங்கள். இரண்டாம் பாட்டுக்கும் மூன்றாம் பாட்டுக்கும் நடுவில் 20 நிமிடம் குழுவை மேடையில் நிறுத்திவைத்தால், சூடேறிய குரல் மறுபடி ஆறிவிடும். முதலில் அடிபடுவது டெனர். பெரும்பாலான குழுக்களில் எண்ணிக்கையில் குறைந்த பிரிவும் அதுதான். அன்போடு கொடுக்கும் சிற்றுண்டியையும் பாட்டு முடிந்த பிறகு கொடுங்கள். மொறுமொறுப்பான ஊட்டி வர்க்கி பிஸ்கட்டின் தூள் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது. பஜ்ஜியும் அப்படித்தான். பாடுவதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

இனிப் பயணம். சமவெளிக் குழு கச்சேரி அன்றே மலையேறி வரக் கூடாது. முந்தைய நாளே வந்துவிட வேண்டும். மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உதகை 2,240 மீட்டரில். உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கீழே ஒரே மூச்சில் பாடிய வரி இங்கே பாதியில் அறுந்துவிடும். அந்த இடங்களில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவர் ஒரே சமயத்தில் மூச்சு வாங்காதபடி மாற்றி மாற்றிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். காது அடைத்தவர் தன் குரலை மட்டுமே கேட்பார், பக்கத்துக் குரல் கேட்காது. வண்டியிலிருந்து இறங்கிய கையோடு ஒத்திகை வைத்தால் சுருதி சேராததற்கு இதுவும் காரணம். மலையிலிருந்து கோவைக்குப் போகும் குழுக்களும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுத்த தொண்டைக்கு அமிலம் பட்ட எரிச்சல் அன்று மாலை வரை இருக்கும். குமட்டல் வருகிறவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். கிளம்புவதற்கு முன் இரண்டு இட்லி போதும். வண்டியில் பாடல் தாளைப் படிக்க விடாதீர்கள். வளைவில் கண்ணைத் தாளில் வைத்திருப்பவருக்குத்தான் முதலில் தலை சுற்றும்.

ஒரு பெரிய பஸ்ஸைவிட இரண்டு வேன்கள் நல்லது, திருப்பங்களில் எளிது என்பதற்காக மட்டும் அல்ல. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் ஒரு வேனாவது நேரத்துக்கு வந்து சேரும். அதற்கு ஆட்களைப் பிரிக்கும் விதம் முக்கியம். 10 சொப்ரானோ, 9 ஆல்டோ, 6 டெனர், 7 பேஸ் கொண்ட குழு என்றால், 3 டெனர் ஒரு வேனில், 3 டெனர் மற்றதில். பேஸ் 4, 3. ஒவ்வொரு வேனிலும் பாடல் தாள்கள் ஒரு முழு செட், சுருதி எடுக்க ஒரு ட்யூனிங் ஃபோர்க் (சுருதிக் கவை). நண்பர்கள் ஒன்றாக உட்கார ஆசைப்படுவார்கள், டெனர்கள் எல்லோரும் ஒரே வண்டியில் ஏறிவிடுவார்கள். தலைவர் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கத்தான் வேண்டும்.

மலை ரயிலில் வரலாம் என்று நினைக்கும் குழுக்கள் உண்டு. 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ 5 மணி நேரம். மழைக்காலத்தில் பாறை விழுந்து ரத்தாவதும் நடக்கிறது. திரும்பும்போது ஆசைக்கு ஏறுங்கள், கச்சேரிக்கு வரும்போது வேண்டாம். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) வேண்டும், வண்டி எண் மாறினால் புதிதாக எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச் சாவடியில் வாங்கிவிடுவார்கள்; எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். கூடலூர் வழியாக மைசூருக்குப் போகிறவர்கள், பந்திப்பூர் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதைப் பார்த்து நேரத்தை வகுத்துக்கொள்ள வேண்டும்.

மைக் வேண்டியதில்லை. முன்னூறு பேர் அமரும் கல் கட்டடத்தில் முப்பது பேர் குரல் தாராளமாக எட்டும். வெளியரங்கு என்பதால் வைத்தே ஆக வேண்டும் என்றால், கையில் பிடிக்கும் மைக் நான்கைக் கொடுக்காதீர்கள்; மைக்குக்கு அருகே நிற்கும் நாலு பேர்தான் குழு என்று ஆகிவிடும். தூரத்துக் குரலையும் நுட்பமாக வாங்கும் கண்டென்சர் மைக் இரண்டு, முன்வரிசையிலிருந்து 6 அடி தள்ளி, 8 அடி உயரத்தில். மைக்குக்கும் பாடகருக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளி இரண்டு மைக்குகளுக்கும் நடுவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டிலும் விழுந்து ஒன்றையொன்று தின்னும். சவுண்டு சர்வீஸ்காரரிடம் எக்கோவை முழுவதும் அணைக்கச் சொல்லுங்கள். மின்சாரம் போகும் மாதம் என்பதால் கீபோர்டுக்கு ஒரு யூபிஎஸ் இருக்கட்டும்.

4 மணிக்குத் தொடங்கினால், இடைவேளையோடு சேர்த்து 5.45க்கு முடித்துவிடலாம். கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸுக்காகப் பாதியில் எழுந்து போக வேண்டியிருக்காது. கீழே திரும்பும் வேன்களும் பனி அடர்வதற்கு முன் கிளம்பி, பர்லியார் தாண்டி யானைகள் பாதைக்கு வரும் கல்லாறு பக்கத்தை இரவு ஏறுவதற்கு முன் கடந்துவிடலாம். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் அமைப்பாளர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
சமூகப் பாடகர் குழு ஒன்றின் உறுப்பினர்கள்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.