வரப்போவதை எழுதுங்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் ஜக்கார்டு டிசைன் கடை வைத்திருக்கிறேன். சேலைக்கு வேண்டிய பார்டர், புட்டா, முந்தியைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதன்படி தறியை இயக்கும் துளை அட்டைகளை அடித்துக் கொடுப்பது தொழில். என் அப்பா கிராஃப் தாளில் பென்சிலும் சிவப்பு மையும் வைத்துச் செய்த வேலையை நான் மவுஸ் வைத்துச் செய்கிறேன். உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தை விடாமல் படிப்பவள் என்ற உரிமையில் அந்தப் பக்கத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

"அடுத்து வரப்போகிறது" வகைச் செய்திகள் அதில் கூடிக்கொண்டே போகின்றன. அடுத்த பிராசசர் இத்தனை மடங்கு வேகமாம். அடுத்த விண்டோஸ் ஆண்டுக் கடைசியில் வருமாம். அடுத்த லேப்டாப்பின் படம் கசிந்துவிட்டதாம். யார் சொன்னது, எந்த ஊரில் எப்போது சொன்னது, கம்பெனியே சொன்னதா, வெளியாள் யாரோ ஊகித்ததா என்று எந்த விவரமும் இருப்பதில்லை. படித்துவிட்டு மறந்துபோகிற செய்தி என்றால் நான் இவ்வளவு தூரம் எழுத மாட்டேன். எங்கள் பகுதியில் கம்ப்யூட்டர் வாங்குவது சீட்டு எடுத்தோ நகையை வைத்தோ செய்கிற காரியம். காசைக் கையில் வைத்துக்கொண்டு "பேப்பர்ல போட்டிருக்கே, இன்னும் நாலு மாசம் பொறுக்கலாமா அக்கா?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

என் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசைன் வரையும் கம்ப்யூட்டர் ஒன்று, அட்டை அடிக்கும் மெஷினோடு இணைத்த கம்ப்யூட்டர் ஒன்று. திரையில் ஒரு கட்டத்தை நிரப்பினால் தறியில் ஒரு கொக்கி தூக்கும். ஓர் ஊடைக்கு, அதாவது ஒரு குறுக்கு இழைக்கு, ஓர் அட்டை. முந்தி கொஞ்சம் பெரிதாகப் போனால் நூற்றுக்கணக்கில் அட்டை அடித்து, வரிசை மாறாமல் கோத்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது கம்ப்யூட்டரின் பின்பக்கம் 25 ஊசி கொண்ட பழைய பிரிண்டர் போர்ட் இருக்கிறது. சாஃப்ட்வேரின் லாக் அதில்தான் செருகியிருக்கிறது. கட்டைவிரல் அளவுள்ள அந்தத் துண்டைப் பிடுங்கினால் சாஃப்ட்வேர் திறக்கவே திறக்காது. அதை விற்றவர்கள் இப்போது தொழிலில் இல்லை. அதில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட் தருவதை, மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு கைவிட்டது. அதனால் அந்தக் கம்ப்யூட்டரை இன்டர்நெட் பக்கமே விடுவதில்லை. டிசைன் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துப்போய்த்தான் போடுகிறோம். அம்மாப்பேட்டையில் மட்டுமல்ல, ஜக்கார்டு தறி ஓடும் எந்த ஊரில் கேட்டாலும் இப்படி ஒரு கம்ப்யூட்டரைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார். புது அறிவிப்பு எதைப் படித்தாலும் எங்களுக்கு முதலில் தோன்றுவது, இருப்பது இனி ஓடுமா என்பதுதான். உங்கள் செய்தியில் அதற்குப் பதில் இருப்பதே இல்லை.

விண்டோஸ் 12 விஷயத்தைப் பாருங்கள். 2024-ல் வந்துவிடும் என்று உலகம் முழுக்க எழுதினார்கள்; தமிழிலும் வந்தது. அந்த ஆண்டு வந்தது விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு. அடுத்த ஆண்டு வந்தது 25எச்2. அப்போது 12-ஐப் பற்றி எழுதியவர்கள் "நாங்கள் சொன்னது வரவில்லை" என்று ஒரு வரி எழுதி நான் பார்க்கவில்லை. மழை வரும் என்று சொன்ன வானிலை அறிக்கை பொய்த்தால் மறுநாளே ஊர் கேட்கிறது. இதை யாரும் கேட்பதில்லை.

கம்பெனியே மேடையேறிச் சொன்னதும் சொன்னபடி வருவதில்லை. எக்ஸ்பி-க்கு அடுத்ததாக மைக்ரோசாஃப்ட் 'லாங்ஹார்ன்' என்ற பெயரில் ஒன்றைத் தயாரித்தது. ஃபைல்களைச் சேமிக்கும் முறையையே மாற்றப்போகிறோம் என்றார்கள். 2004-ல் அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டார்கள். மிச்சம் 2007 ஜனவரியில் விஸ்டாவாகக் கடைக்கு வந்தது. அண்மைக் கதை என்றால், 2024 மே மாதம் ஏஐ வசதி கொண்ட புதுவகை லேப்டாப்களை அறிவித்தபோது, திரையில் பார்த்ததை எல்லாம் நினைவில் வைத்துத் தேடித் தரும் 'ரீகால்' வசதி ஜூனிலேயே கிடைக்கும் என்றார்கள். அந்தரங்கம் என்னாவது என்று எதிர்ப்பு கிளம்பியது. ஒருவழியாக 2025 ஏப்ரலில்தான் பரவலாகக் கொடுத்தார்கள். அறிவித்த வாரம் அதை நம்பி லேப்டாப்புக்கு முன்பதிவு செய்தவர் ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தார்.

இந்த அறிவிப்பு விவகாரத்தில் எல்லோரும் சொல்லும் பழைய கதை ஒன்று உண்டு. அதன் நாயகர் தமிழ் பேசி வளர்ந்தவர் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. ஆடம் ஆஸ்போர்ன், 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியவர். இரண்டாம் உலகப் போரின்போது தந்தை பாங்காக்கில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருக்க, தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் இருந்தார்கள். நாங்கள் சேலத்திலிருந்து அரூர் வழியாகக் கிரிவலத்துக்குப் போய் வருகிற அதே ஊரில், அந்த வெள்ளைக்காரப் பிள்ளை தமிழ் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறது. பிறகு கொடைக்கானலில் பள்ளிப் படிப்பு, இங்கிலாந்து, அமெரிக்கா. 1981-ல் அவர் வெளியிட்ட 'ஆஸ்போர்ன் 1' தான், கையில் தூக்கிச் செல்லும் விதமாகச் செய்து பெரிய அளவில் விற்ற முதல் கம்ப்யூட்டர். எடை சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம், விலை 1,795 டாலர். எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் வேண்டிய சாஃப்ட்வேர்களையும் அதே விலையில் சேர்த்துக் கொடுத்தார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

1983 தொடக்கத்தில், இதைவிடச் சிறந்த மாடல் வருகிறது என்று பத்திரிகையாளர்களுக்குக் காட்டிவிட்டார். கடைக்காரர்கள் பழைய மாடலுக்கான ஆர்டரை நிறுத்திக்கொண்டார்கள். புதியது கைக்கு வருவதற்குள் பணவரத்து வறண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் கம்பெனி திவால். போட்டிக் கம்பெனிகளும் ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டர்களும் எப்படியும் அவரைச் சாய்த்திருக்கும் என்று வாதிடுவோரும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும், வரப்போவதை முன்கூட்டியே சொல்லி இருப்பதன் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு இன்றுவரை ஆஸ்போர்ன் விளைவு என்றுதான் பெயர். கடைசிக் காலத்தில் அவர் கொடைக்கானலுக்கே திரும்பி வந்து, 2003 மார்ச்சில் அங்கேயே காலமானார்.

அவர் சொன்னது பொய்யல்ல. அந்த மாடல் வரத்தான் செய்தது. உண்மையான அறிவிப்புக்கே கடைக்காரர்கள் அப்படிக் கைகட்டி நின்றார்கள் என்றால், ஊர்பேர் தெரியாத கசிவுச் செய்தியை நம்பி நின்றால் என்ன ஆகும்? ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் விற்கும் சின்னக் கடைக்காரர் பேங்கில் ஓவர்டிராஃப்ட் கடன் வாங்கிச் சரக்கு எடுத்து வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் "அடுத்தது வரட்டும்" என்று திரும்பிப் போகும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வட்டி ஏறுகிறது. 2025 சுதந்திர தினத்தன்று ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் அறிவித்ததிலிருந்து செப்டம்பர் 22-ல் அது அமலுக்கு வரும்வரை, லேப்டாப்புக்கும் குறையும் என்று காத்திருந்தவர்களை நானே பார்த்தேன். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, மானிட்டருக்கு 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. லேப்டாப்புக்கு முன்பும் 18, பின்பும் 18. செப்டம்பர் 3-ம் தேதி கவுன்சில் முடிவெடுத்த மறுநாளே இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அத்தனை பேரும் அன்றே தெளிந்திருப்பார்கள்.

சரி, ஊகமே கூடாது என்கிறேனா? இல்லை. ஊகம் வேண்டும். தீபாவளிக்கு எந்த நிறம் ஓடும் என்று ஆடி மாதமே யோசிக்காமல் எங்கள் தொழில் இல்லை. ஆனால் அதற்குக் காரணம் சொல்வோம்: போன வருஷம் எது தங்கியது, கோவையில் எது கேட்கிறார்கள், ஜரிகை என்ன விலை என்று. கம்ப்யூட்டர் விஷயத்திலும் அப்படிக் காரணத்தோடு ஊகிக்க நல்ல வாய்ப்பு ஒன்று வந்தது, கைவிட்டுப் போனது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மெமரியான ராமின் விலையைத்தான் சொல்கிறேன். உலகத்துக்கு வேண்டிய மெமரி சிப்பில் பெரும்பகுதியை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள் தயாரிக்கின்றன. ஏஐ சர்வர்களுக்கு வேண்டிய உயர்வேக மெமரியில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். பழைய டிடிஆர்4 வகையைக் குறைக்கப்போகிறோம் என்று 2025-ன் முதல் பாதியிலேயே தகவல் வந்தது. அதன் விலை ஏற ஆரம்பித்தது. ஆண்டுக் கடைசியில் புதிய வகையான டிடிஆர்5-ம் எகிறியது. டிசம்பர் 3-ம் தேதி மைக்ரான், பொதுமக்களுக்கு 'க்ரூஷியல்' என்ற பெயரில் விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. இதெல்லாம் வெறும் கசிவு இல்லை. பெரும்பாலும் கம்பெனிகளே சொன்னது. இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரிந்த ஒருவர் "ராம் வேண்டுமென்றால் இப்போதே வாங்குங்கள், காரணம் இது" என்று அரைப்பக்கம் எழுதியிருக்கலாம். அந்த மாதங்களில் உங்கள் பக்கத்தில் நான் படித்ததெல்லாம், ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் எந்தப் புது பிராசசர் வரும் என்ற கணிப்புதான்.

எங்கள் தெருவில் தறி ஓட்டும் ஒருவர், இன்ஜினியரிங் சேர்ந்த மகனுக்காக 16 ஜிபி லேப்டாப் பார்த்து வைத்திருந்தார். ஜனவரி வரை பொறுத்தால் புது பிராசசர் வரும், பழையது விலை இறங்கும் என்று மகன் சொன்னான். அவன் படித்ததைத்தான் சொன்னான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் அதே பணத்துக்கு 8 ஜிபி-தான் கிடைத்தது. அந்த மாடலில் ராம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து வருகிறது. பின்னால் கூட்டிக்கொள்ளவும் வழியில்லை. பையன் நாலு வருஷம் அதோடுதான் ஓட்ட வேண்டும்.

இன்னொன்று. புதிதாக வருவதைப் பற்றி எழுதும் அளவுக்கு, நின்றுபோவதைப் பற்றி எழுதுவதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஏற்காட்டில் காபித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் என் அக்கா மகனுக்கு அதற்கு அப்புறம்தான் விஷயமே தெரியும். அவனுடைய கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் உள்ளே இருப்பது இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். "தூக்கிப் போட வேண்டியதுதானா சித்தி?" என்று போன் செய்தான். வேண்டாம், பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது என்றேன். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைப் பேக்கப் செய்தால் காசு கிடையாது. இல்லையென்றால் 30 டாலர். வீட்டு உபயோகத்துக்கான திட்டம் அது. கம்பெனிகளுக்குத் தனித் திட்டம், தனிக் கட்டணம். தோட்டத்து ஆபீஸ் எந்தக் கணக்கில் வரும் என்று முதலாளியிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். இந்த விவரம் உங்கள் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக வந்திருந்தால் மலைமேல் இருக்கிற அவனுக்கு என் போன் தேவைப்பட்டிருக்காது.

ஆகவே என் வேண்டுகோள்: வரப்போகிற ஒன்றைப் பற்றி எழுதினால், அது கடையில் இருக்கிறதா, கம்பெனி அறிவித்ததா, வெறும் பேச்சா என்று தலைப்புக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் அறிவித்த விலையை ரூபாயில் மாற்றி எழுதிவிட்டு நிற்காமல், 18 சதவீத வரியைச் சேர்த்து இங்கே என்ன ஆகும் என்றும் சொல்லுங்கள். இந்தியாவுக்கு எப்போது என்று கம்பெனி சொல்லவில்லையானால் "சொல்லவில்லை" என்றே எழுதுங்கள், அதுவும் எங்களுக்கு உதவும் தகவல்தான். ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரியிலேயே கூட, போன ஆண்டு நீங்கள் கணித்ததில் எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தவறிய கணிப்பை ஒத்துக்கொள்வதால் உங்கள் மதிப்பு குறையாது. அடுத்த கணிப்பை நாங்கள் இன்னும் நம்பிப் படிப்போம்.

வாசகர் கேள்விக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். முதல் கேள்வியாக என்னுடையதை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே கிடையாது. 64-பிட் விண்டோஸ், கருவிகளை இயக்கும் பழைய 32-பிட் டிரைவரை ஏற்காது. யுஎஸ்பி-யிலிருந்து பிரிண்டர் போர்ட்டுக்கு மாற்றும் கேபிளில் இந்த மாதிரி லாக் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. இந்த நிலையில், அட்டை மெஷினை அப்படியே வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை மட்டும் மாற்ற என்ன வழி? பதில் தெரிந்தவர்கள் சேலத்திலேயே இருக்கலாம். உங்கள் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜக்கார்டு டிசைன் கடை நடத்தும் வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.