யோக்குக்குத் தோல் தைக்கும் முன்: சிலேத்தார் சிறு விமான உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

சிலேத்தார் விமான நிலையத்தில் சொந்தமாகவோ, நாலைந்து பேர் பங்கு போட்டோ சிறு விமானம் வைத்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருடைய விமானத்துக்குள் மல்லாந்து படுத்து, ரடர் பெடலுக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்தவன் நான். உரிமம் பெற்ற பொறியாளர் என்று அட்டை இருந்தாலும் நீங்கள் எல்லாரும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்த மாதக் கடைசியில் உங்களில் சிலர் யோக்குகளை, அதாவது விமானத்தைச் சாய்க்கவும் மூக்கைத் தூக்கவும் பிடிக்கிற, இரண்டு கொம்பு வைத்த கைப்பிடிகளைக் கழற்றி, கார் ஸ்டியரிங்குக்குத் தோல் தைக்கும் கடையில் மொத்தமாகக் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். சேர்ந்து கொடுத்தால் விலை குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். சரி, நல்ல யோசனைதான். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

யோக்கை அழகாக்குவது வீண் ஆடம்பரம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. விமானத்தில் ஏறியது முதல் இறங்கும்வரை உங்கள் கை இருக்கும் இடம் அது. பழைய செஸ்னா 172 ஒன்றின் இடது இருக்கை யோக்கைப் பாருங்கள். இடது கொம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும், வலது கொம்பு கிட்டத்தட்டப் புதுசாக இருக்கும். வலது கை எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில் இருப்பதால் இடது கைதான் ஆண்டுக்கணக்கில் விமானத்தை ஓட்டியிருக்கிறது. எத்தனை மாணவர்களின் வியர்வை அந்த ஒரு கொம்பில்! அதைத் தொடும்போதெல்லாம் எனக்கு ஏதோ ஒரு மரியாதை வரும். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் அந்த பிளாஸ்டிக் மஞ்சளாகிறது, சில வகை ரப்பர் பூச்சு பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. அப்படிப்பட்ட யோக்கைப் பிடித்து ஓட்டுவது சிரமம், வழுக்கவும் செய்யும். ஆகவே புதுப்பிக்கத்தான் வேண்டும்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. சில ஆண்டுகளுக்கு முன், ஆண்டுச் சோதனைக்கு வந்த ஒரு விமானத்தில் யோக் பளபளவென்று இருந்தது. கறுப்புத் தோல், சிவப்பு நூல், ஒரு தையல்கூடக் கோணவில்லை. நானே ஒரு நிமிடம் தடவிப் பார்த்து ரசித்தேன். அப்புறம் இரண்டு கொம்பையும் பிடித்து லேசாக முறுக்கினேன். இடது கொம்பு, நடுப்பகுதியோடு சேரும் இடத்தில், மிக மிக மெல்ல ‘டிக்’ என்றது. உரிமையாளரிடம் சொல்லித் தையலைப் பிரித்தோம். உள்ளே கார் டிங்கரிங் வேலைக்குப் பூசுகிற பட்டி அழகாகத் தேய்த்து வைக்கப்பட்டிருந்தது. பட்டியைச் சுரண்டினால், அடியில் விரலளவு நீளத்துக்கு விரிசல். தைத்துக் கொடுத்த கடைக்காரருக்கு அது வெறும் கீறலாகத் தெரிந்திருக்கிறது. காரில் ஒரு கீறலைக் கண்டால் என்ன செய்வாரோ அதையே செய்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த உரிமையாளர் தன் பத்து வயது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எட்டு மாதம் பறந்திருக்கிறார் என்பதுதான் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை.

விரிசல் விடுவது எங்கோ ஒன்றிரண்டு விமானத்தில் நடக்கிற அதிசயம் அல்ல. பைப்பர் பிஏ-28 என்ற சிறு விமானக் குடும்பத்தின் கைச்சக்கரத்தில், அதாவது யோக்கில், விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி 1969-இலேயே அமெரிக்காவில் கட்டாய உத்தரவு வந்தது. அதன் எண் 69-22-02. உங்களில் மூன்று பேராவது அந்தக் குடும்பத்து விமானம் வைத்திருக்கிறீர்கள். யோக் முழுவதையும் தோலால் மூடி, விளிம்பைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் அடுத்த சோதனையில் நான் எதைப் பார்ப்பேன்? என் மொத்தக் கவலையும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் பூசுங்கள், தையுங்கள், ஆனால் கொம்பு நடுவோடு சேரும் இடமும், யோக்கைத் தண்டில் மாட்டும் போல்ட்டும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தோலைக் கைபிடிக்கும் பகுதியோடு நிறுத்தச் சொல்லுங்கள். பசைக்குப் பதில் நூலால் மட்டும் இறுக்கச் சொல்லுங்கள், பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி தைத்துக்கொள்ளலாம். மூடுவதற்கு முன் பழைய பூச்சை எடுத்துவிட்டு நாலா பக்கமும் படம் பிடித்து, அதைப் பராமரிப்புப் பதிவேட்டோடு வையுங்கள்.

பழைய பூச்சை எடுப்பதிலும் நிறைய விஷயம் இருக்கிறது. யோக் எதனால் ஆனது என்று முதலில் தெரிய வேண்டும். சிலவற்றில் உள்ளே அலுமினிய வார்ப்பு, மேலே பிளாஸ்டிக் ஓடு. பிளாஸ்டிக் மேல் அசிட்டோன் பட்டால் மேற்பரப்பு வெளுத்து, நுண்ணிய கோடு கோடாக வெடிக்கும், அந்தக் கோடுகள் பின்னால் விரிசலாக வளரும். பெயிண்ட் உரிக்கும் கடும் திரவங்களும் அப்படித்தான். சோப்புத் தண்ணீர், மெல்லிய உப்புத்தாள், பொறுமை, இவை மூன்றும் போதும். அலுமினியம் என்றால் இரும்புக் கம்பளியால் தேய்க்கவே கூடாது. இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் அரிப்பைத் தொடங்கிவைக்கும். ஜொகூர் நீரிணையிலிருந்து உப்புக்காற்று வீசும் சிலேத்தாரில் அது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நைலான் நார்ப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வெற்று உலோகத்துக்கு அரிப்புத் தடுப்புக் கரைசல், அதன் மேல் இப்பாக்சி ப்ரைமர், அதற்கு மேல்தான் நிறம்.

பவுடர் கோட்டிங் செய்யலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கார் சக்கரங்களில் அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொடியை உருக்க சுமார் 200 டிகிரி செல்சியஸ் அடுப்பு வேண்டும். பல அலுமினியக் கலவைகள் தம் வலிமையைப் பெறுவதே 150 முதல் 180 டிகிரி அளவில் செய்யும் பதப்படுத்தலில்தான். அதைத் தாண்டிச் சுட்டால் வலிமை குறைய வாய்ப்பு உண்டு, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. யோக்கில் அது வேண்டாம் தம்பி. சாதாரண ஸ்ப்ரே பெயிண்டே போதும்.

இன்னொன்று, பளபளக்கும் தண்டுக்கு நிறம் அடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அந்தக் குழாய் டாஷ்போர்டில் இருக்கும் வளையத்துக்குள் முன்னும் பின்னும் நழுவ வேண்டும். ஒரு கோட் பெயிண்ட் ஏறினாலே பிடிக்க ஆரம்பிக்கும். தரையிறங்கக் கடைசி நொடியில் மூக்கைத் தூக்கும்போது அது பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதேபோல செஸ்னாவில் தண்டைப் பூட்டும் கம்பியில் சிவப்புத் தகடு ஒன்று இருக்குமே, உள்ளலங்காரத்துக்குப் பொருந்தவில்லை என்று அதைக் கறுப்பாக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். பூட்டை எடுக்காமல் ஓடுதளத்தில் ஓடி உயிரை விட்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். அந்தச் சிவப்பை மட்டும் தொடாதீர்கள்.

விதியைப் பற்றியும் பேசிவிடுகிறேன். உங்களில் பலர் அமெரிக்க விமான விதி 43-ஆம் பகுதியின் பிற்சேர்க்கையை என்னிடம் காட்டியிருக்கிறீர்கள். விமானி அறையின் உட்பூச்சைப் புதுப்பிப்பது உரிமையாளரே செய்யக்கூடிய வேலை என்று அதில் இருப்பது உண்மைதான். அதே வரியின் பிற்பாதியையும் படியுங்கள். முதன்மைக் கட்டமைப்பையோ இயங்கும் அமைப்பையோ கழற்றத் தேவையில்லாதபோது மட்டும் என்று இருக்கிறது. யோக்கைத் தண்டிலிருந்து எடுப்பது இயங்கும் அமைப்பைக் கழற்றுவதுதான். அதாவது உங்களுக்கு ஆதரவாக நீங்கள் காட்டும் விதியே உங்களைத் தடுக்கிறது. மேலும், 9வி என்று சிங்கப்பூரில் பதிவான நம் விமானங்களுக்கு அது பொருந்தாது. இங்கே சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சொல்வதுதான் விதி. மாட்டியபடியே யோக்கைத் துடைப்பது ஒரு விஷயம், கழற்றி எடுத்துக்கொண்டு காக்கி புக்கிட்டுக்கு டாக்சி பிடிப்பது வேறு விஷயம். தோலுக்கும் பஞ்சுக்கும் தீயை எளிதில் பரப்பாது என்ற சோதனைச் சான்றும் வேண்டும். கார் கடையில் தொங்கும் எல்லாத் தோலுக்கும் அது இருக்காது.

கழற்றுவது கூடப் பரவாயில்லை, திரும்ப மாட்டுவதுதான் நெஞ்சைப் பிடிக்கும் வேலை. யோக்குக்குப் பின்னால் சங்கிலியும் பல்சக்கரமும் கேபிளும் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. ஒரு பல் தள்ளி மாட்டினாலே யோக் நேராக இருக்கும்போது எயிலரான், அதாவது விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு, சாய்ந்து நிற்கும். 2018 நவம்பர் 11 அன்று போர்ச்சுகலில் பெரிய பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் 190 ஒன்றில் எயிலரான் கேபிள்கள் மாறி மாட்டப்பட்டிருந்தன. வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் சாய்ந்தது. உள்ளே இருந்த ஆறு பேரும் உருண்டு புரண்டு, பல முறை முயன்று, கடைசியில் பெஜா விமானப் படைத் தளத்தில் இறங்கினார்கள். தொழில் தெரிந்தவர்கள் கூடிச் செய்த வேலையிலேயே இது நடந்தது. அதனால்தான் கட்டுப்பாட்டு அமைப்பில் கை வைத்தால் மாட்டியவர் ஒருவர், தனியாக வந்து சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று இரண்டு கையெழுத்து கேட்கிறோம். நீங்களும் கிளம்பும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். யோக்கைப் பிடித்துக் கட்டைவிரல்களை நிமிர்த்துங்கள். இடப்பக்கம் திருப்பினால் விரல்கள் இடப்பக்கம் சாயும், அந்தப் பக்கத்து எயிலரான் மேலே எழும்ப வேண்டும். வலப்பக்கமும் அப்படியே.

தோல் தைத்தபின் யோக் கொஞ்சம் பருத்துவிடும். முழுக்கப் பின்னால் இழுத்து, முழுக்கத் திருப்பி, முழங்காலிலோ த்ராட்டில் குமிழிலோ இடிக்கிறதா பாருங்கள், பக்கத்து இருக்கையில் உயரமான நண்பரை உட்காரவைத்தே பாருங்கள். யோக்கில் இருக்கும் ரேடியோவில் பேசும் பொத்தானைச் சுற்றி நன்றாக இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். தோலின் ஓரம் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் அலைவரிசை முழுவதும் உங்கள் மூச்சுச் சத்தம்தான் கேட்கும், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. உள்ளே போகும் ஒயர், யோக் திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும்.

ஆயுத பூஜை வருகிறது, அதையும் சொல்கிறேன். சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் நானும் என் ஸ்பேனர் பெட்டியைத் திறப்பேன். யோக்குக்கும் ஒரு பொட்டு வைப்போம், தப்பே இல்லை. ஆனால் தேக்காவில் வாங்கிய பூச்சரத்தைத் தண்டில் சுற்றிவிட்டு அப்படியே பறக்கப் போகாதீர்கள், நூல் வளையத்துக்குள் சிக்கும். பிள்ளையார் சிலையைக் காந்தம் வைத்து டாஷ்போர்டில் ஒட்டினால் காந்தத் திசைகாட்டி தவறாகக் காட்டும். டேப்லட் மாட்டும் சில பிடிப்பான்களிலும் காந்தம் இருக்கிறது. பிள்ளையாரை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிக்கொள்ளலாம்.

இனி நான் உங்களிடம் கேட்பது. என் மாமா காக்கி புக்கிட்டில் நாற்பது ஆண்டாகக் கார் இருக்கைகளும் ஸ்டியரிங்கும் தைக்கிறார். தடித்த தோல் பூஞ்சை பிடிக்கும், நம் ஊர் ஈரத்துக்குத் துளையிட்ட மெல்லிய தோல்தான் ஆகும் என்று அவரே சொன்னார். அவரிடம் பேசிவிட்டேன். தையல் எங்கே நிற்க வேண்டும், எங்கே பசை படக்கூடாது என்று அட்டையில் வெட்டிக் காட்டியிருக்கிறேன். அவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை, உங்கள் கடைக்காரருக்கும் அதே அட்டையைத் தருகிறேன். கழற்றும் நாளை மட்டும் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். நானும், சரிபார்க்க இன்னொரு பொறியாளரும் வருகிறோம். பூச்சை எடுத்ததும் தோல் போடும் முன் ஒருமுறை ஒவ்வொரு யோக்கையும் என் கையில் கொடுங்கள். சாயம் ஊற்றி விரிசல் பார்க்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்கு நான் காசு வாங்கப் போவதில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் ஹாங்கரில் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்
சிலேத்தார், சிங்கப்பூர்