ஆட்சி மாறினால் சாட்சி ஏன் மாறுகிறது? சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 234 பேருக்கும் சேர்த்தே எழுதுகிறோம். ஆளும் வரிசைக்கு ஒன்று, எதிர் வரிசைக்கு ஒன்று என்று எழுதினால் அடுத்த தேர்தலில் முகவரியை மாற்ற வேண்டியிருக்கும்.

யார் எவ்வளவு எடுத்தார் என்பதல்ல எங்கள் கேள்வி. அதை மேடையில் நீங்களே ஒருவர்மீது ஒருவர் சொல்லிக்கொள்கிறீர்கள். அரை நூற்றாண்டாக அமைச்சர்கள், முதலமைச்சர்கள்மீது வந்த ஊழல் வழக்குகள் எந்த இடத்தில் செத்தன என்று பார்த்தால், பெரும்பாலும் நீதிபதியின் மேசையில் அல்ல. அதற்கு முன்பே, அரசின் கையில்.

முதல் கதையே இப்படித்தான். 1972 நவம்பரில் எம்.ஜி.ஆர். குடியரசுத் தலைவரிடம் தி.மு.க. அமைச்சரவைமீது புகார்ப் பட்டியல் கொடுத்தார். விசாரணை ஆணையம் எப்போது வந்தது? 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டு, பிப்ரவரி 3 அன்று நீதிபதி சர்க்காரியா நியமிக்கப்பட்டபோது. மூன்றாண்டுக்கும் மேல் தூங்கிய புகார், அரசு கலைந்த மூன்றாம் நாள் எழுந்துகொண்டது. ஆணையம் வீராணம் குழாய் ஒப்பந்தம் உட்படப் பலவற்றை விசாரித்து அறிக்கை தந்தது. ஆனால் 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி அந்த அறிக்கை பரிந்துரைதான். நீதிமன்றத்தில் அது சாட்சியம் ஆகாது, எல்லாவற்றையும் புதிதாக நிரூபிக்க வேண்டும். பின்னால் வழக்குகள் கைவிடப்பட்டன. ஒன்றுகூடத் தண்டனையில் முடியவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் அது நியாயமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குற்றமற்றவர் என்ற தீர்ப்பும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதில் பலர் மறந்துபோன ஒரு கிளைக்கதை உண்டு. பொது வாழ்வில் இருப்பவர்களின் ஊழலை விசாரிக்கத் தனி ஆணையர் வேண்டும் என்று 1973இல் இதே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1974இல் நடைமுறைக்கு வந்தது, 1977இல் நீக்கப்பட்டது. அதைக் கொண்டுவந்த முதலமைச்சர் கருணாநிதியே பிறகு தம் வழக்கில், 'மாநிலச் சட்டம் வந்ததால் மத்தியச் சட்டம் எங்கள்மீது செல்லாது' என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை, முதலமைச்சரும் பொது ஊழியரே என்று 1979இல் தீர்ப்பளித்தது. நாடு முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. சட்டத்தை ஒரு கட்சி கொண்டுவந்தது, அடுத்த கட்சி எடுத்தது. அதற்கு நிகரான தனி அமைப்புக்கு, 2018 லோக் ஆயுக்தா சட்டம் வரை 41 ஆண்டுகள் நாம் காத்திருந்தோம்.

இனி வழக்கின் உடற்கூறு. கிராம நிர்வாக அலுவலர் மாட்டுவது பினாப்தலீன் பொடி தடவிய நோட்டில். கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பாகும். அமைச்சர் யாரும் நோட்டைக் கையால் வாங்குவதில்லை. ஆகவே அவர்களுக்கு வரும் வழக்கு பெரும்பாலும் வருமானத்துக்கு அதிகமான சொத்து. லஞ்ச ஒழிப்புத் துறை இதற்கு ஏழு பட்டியல் போடும். சரிபார்ப்புக் காலத்தின், அதாவது கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் காலத்தின், தொடக்கத்தில் இருந்த சொத்து ஒன்று, முடிவில் இருந்த சொத்து இரண்டு, அந்தக் காலத்து வருமானம் மூன்று, செலவு நான்கு. இரண்டிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஐந்து, அதாவது சேர்ந்த சொத்து. மூன்றிலிருந்து நான்கைக் கழித்தால் ஆறு, அதாவது சேமித்திருக்கக்கூடிய தொகை. ஐந்திலிருந்து ஆறு போக மிஞ்சுவது ஏழு. அதற்குத்தான் கணக்குக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் எந்த எண்ணை அசைத்தாலும் ஏழாம் பட்டியல் அசையும். விவசாய வருமானத்தைக் கூட்டலாம், கடனை வருமானமாக எழுதலாம், கட்டடத்தின் சதுர அடி மதிப்பைக் குறைக்கலாம், மனைவியின் தொழிலை உள்ளே இழுக்கலாம் அல்லது வெளியே தள்ளலாம்.

ஜெயலலிதா வழக்கு இதற்குப் பாடப்புத்தகம். சரிபார்ப்புக் காலம் 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை, குற்றச்சாட்டு 66.65 கோடி ரூபாய். 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தது. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நால்வரையும் விடுதலை செய்தது. எப்படி? அரசுத் தரப்பு 27.79 கோடி என்ற கட்டுமானச் செலவை அந்தத் தீர்ப்பு சுமார் 5.10 கோடி ஆக்கியது, 6.45 கோடி என்ற வளர்ப்பு மகன் திருமணச் செலவைச் சுமார் 28.68 லட்சம் ஆக்கியது. சொத்து 37.59 கோடி, வருமானம் 34.76 கோடி, மிகை 2.82 கோடி, அதாவது 8.12 சதவீதம். மிகை பத்து சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்பது கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கிலிருந்து வரும் வழக்கம். ஆக விடுதலை.

ஆனால் வருமானத்தில் சேர்த்த கடன் பட்டியலின் கூட்டுத்தொகை 24.17 கோடி என்று தீர்ப்பில் அச்சாகியிருந்தது. அதே வரிசை எண்களைக் கூட்டினால் 10.67 கோடிதான் வரும். 13.5 கோடி கூட்டல் பிழை. பிழையைத் திருத்தினால் வருமானம் 21.26 கோடி, மிகை 16.32 கோடி, சதவீதம் 8 அல்ல, 76க்கு மேல். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது. முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதா அதற்கு முன்பே, 2016 டிசம்பர் 5 அன்று, இறந்துவிட்டார். அவர்மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. குற்றப்பத்திரிகை 1997 ஜூன் மாதம் தாக்கலானது. கணக்கு உங்களுக்கே தெரியும்.

அந்த இருபது ஆண்டுகளில் நாங்கள் அதிகம் கவலைப்படுவது கூட்டல் பிழையைப் பற்றி அல்ல. 2000 ஆகஸ்டுக்குள் 250 சாட்சிகள் விசாரிக்கப்பட்டிருந்தார்கள். 2001 மே மாதம் ஆட்சி மாறி அ.தி.மு.க. வந்தது. அதன்பின் 76 சாட்சிகள் குறுக்கு விசாரணைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். அரசு வழக்கறிஞர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை, அவர்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்கவும் இல்லை. தி.மு.க. பொதுச் செயலாளர் க.அன்பழகன் மனுமேல் 2003 நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது இதனால்தான். மாற்றிய பிறகும், உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில் வாதாடிய அரசு வழக்கறிஞரைத் தமிழ்நாடு அரசு நியமித்திருந்தது. அந்த நியமனம் செல்லாது, கர்நாடகம்தான் நியமித்திருக்க வேண்டும் என்று 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் கட்சி ஆளும் அரசே எதிர்த்தரப்பு வழக்கறிஞரை அனுப்புவது எந்தப் பஞ்சாயத்திலும் நடக்காத கூத்து.

இப்போது அந்த முறை பழையதாகிவிட்டது. வழக்கைத் திரும்பப் பெறக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவு இருந்தது. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள்மீதான வழக்கை உயர் நீதிமன்ற அனுமதியின்றித் திரும்பப் பெறக்கூடாது என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்தியது. பக்கத்திலிருந்த ஜன்னலின் பெயர் 'மேல் புலனாய்வு'. சொத்து மிகை உண்டு என்று குற்றப்பத்திரிகை தந்த அதே துறை, ஆட்சி மாறியபின் மறுபடி ஆராய்ந்து, மிகை இல்லை என்று இறுதி அறிக்கை தருகிறது, நீதிமன்றம் விடுவிக்கிறது, மேல்முறையீடு செய்ய அரசுக்கு மனமில்லை. இரு பெரும் கட்சிகளைச் சேர்ந்தவர்கள் விடுவிக்கப்பட்ட இத்தகைய வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 ஆகஸ்ட் முதல் தாமாகவே மறுஆய்வுக்கு எடுத்தார். அவை உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கின்றன. குற்றம் உண்டா இல்லையா என்பது எங்கள் வேலை அல்ல. துறையின் இரு அறிக்கைகளில் ஒன்று பொய் என்பதற்கு மட்டும் தீர்ப்பு தேவையில்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193(9) பிரிவின்படி, விசாரணை நடக்கும்போது மேல் புலனாய்வுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், நீதிமன்றம் நீட்டித் தராவிட்டால் 90 நாளில் முடிக்கவும் வேண்டும். அது போதாது. புது ஆவணம் எது, முதல் அதிகாரி கண்ட தொகை ஏன் மாறியது என்று ஏழு பட்டியலையும் பழையது, புதியது என எதிரெதிரே வைத்துக் காட்டாமல் மேல் புலனாய்வு அறிக்கையைத் தாக்கல் செய்யக்கூடாது. இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், துறையின் நடைமுறைக் கையேட்டில் ஒரு பத்தி போதும்.

சாட்சிகள் விஷயத்திலும் அப்படித்தான். முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் ஒரே நாளில் முடியாத வழக்கில் இடைவெளிதான் சாட்சியை விலைபேசும் சந்தை. மதிப்பீட்டுப் பொறியாளர், வங்கி மேலாளர், நில விற்பனையாளர் ஆகியோரின் வாக்குமூலத்தைக் குற்றவியல் நடுவர் முன் பதிவு செய்துவிட்டால், பிற்பாடு மாற்றிச் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

இன்னும் இரண்டு. அரசின் சிறுதொழில் கழகமான டான்சியின் நிலத்தை ஜெயலலிதா தரப்பு வாங்கிய வழக்கில், அரசுச் சொத்தை அமைச்சர் வாங்கக்கூடாது என்ற நடத்தை விதி இருந்தும் அதற்குச் சட்ட வலு இல்லை என்று 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி, விடுதலையை உறுதி செய்தது. அந்த விதியைச் சட்டமாக்க இந்த மன்றத்துக்கு ஒரு நாள் போதும். இரண்டாவது, வேலைக்குப் பணம் வாங்கிய வழக்குகள். போக்குவரத்துக் கழக நியமன வழக்கொன்றில் புகார்தாரரும் குற்றம் சாட்டப்பட்டவர்களும் சமரசமாகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்ததை, 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திருப்பியது. ஊழல் இரண்டு பேருக்கு இடையிலான கடன் தகராறு அல்ல என்பதே அதன் சாரம். பணம் கொடுத்தவர் தப்பிக்க, கட்டாயத்தின்பேரில் கொடுத்ததை ஏழு நாளில் புகார் செய்ய வேண்டும் என்கிறது ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம். பணி ஆணை வருமா வராதா என்று மாதக்கணக்கில் காத்திருப்பவருக்கு ஏழு நாள்! அந்தக் கெடுவை நீட்டும்படி ஒன்றிய அரசைக் கேட்கும் தீர்மானம் உங்களால் முடியும்.

அடுத்து, லஞ்ச ஒழிப்புத் துறை அடங்கிய மனிதவள மேலாண்மைத் துறையின் மானியக் கோரிக்கை வரும்போது, இந்நாள், முன்னாள் அமைச்சர்கள்மீதுள்ள ஒவ்வொரு ஊழல் வழக்குக்கும் ஐந்து தேதிகளை அவையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்: ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவின்கீழ் விசாரணைக்கு அனுமதி கேட்ட நாள், கிடைத்த நாள், 19ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடர அனுமதி கேட்ட நாள், கிடைத்த நாள், குற்றப்பத்திரிகை தாக்கலான நாள். இரண்டு அனுமதிக்கும் சட்டம் தரும் கெடு மூன்று மாதம், மேலே ஒரு மாதம். 2008இல் லஞ்ச ஒழிப்புத் துறை தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டதால், இந்தத் தேதிகள் பொதுமக்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. உறுப்பினர் எழுப்பும் கேள்விக்கு அந்த விலக்கு பொருந்தாது.

இப்படிக்கு,
ஊழல் தடுப்பு வழக்குகளைத் தொடர்ந்து படித்துவரும் வழக்கறிஞர்களும் தணிக்கையாளர்களும்